நாலு வரிக்குள் ஒரு குதிரையின் பெயர்கூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஏப்ரல் 7ஆம் திகதி திங்கட்கிழமைப் பத்திரிகையில், விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில், ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலுக்கும் சீமெந்து விளம்பரத்துக்கும் நடுவே நாலு வரிச் செய்தி ஒன்று போட்டிருந்தீர்கள். லிவர்பூலில் நடந்த உலகப் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தில் அயர்லாந்துக் குதிரை ஒன்று வென்றதாம். பணம் கட்டியவர்களுக்குக் கொண்டாட்டமாம். என்ன குதிரை என்று இல்லை. யார் ஓட்டினார் என்று இல்லை. பக்கத்தில் ஒரு படம்: தடை தாண்டும் ஓட்டத்துக்கு, ஒரு தடைகூட இல்லாத வெறும் புல்தரையில் ஏழெட்டுக் குதிரைகள் ஓடுகின்றன. கிரிக்கெட் செய்திக்குக் கரம் போர்ட் படம் போட்டது மாதிரி.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் 13ஆம் திகதி ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் மூதூர் அன்பர் ஒருவர், அந்த நாலு வரியையும் போட்டிருக்கக் கூடாது, அது சூதாட்டத்துக்கு இலவச விளம்பரம் என்று எழுதியிருந்தார். உங்களுக்கும் அவருக்குமாகச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 67 வயது நடக்கிறது. அஞ்சலகத்தில் 31 வருடம் முத்திரை குத்திவிட்டு ஓய்வுபெற்றவள். எந்தக் குதிரையிலும் ஒரு சதம் கட்டியதில்லை. ஆனால் மார்ச் பிறந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அம்மம்மாவோடு இரவில் பேச முடியாது என்று. மார்ச் நடுவில் இங்கிலாந்தின் செல்ட்னத்தில் நாலு நாள், குதிரைகள் தடை தாண்டி ஓடும் பந்தயம். ஏப்ரல் தொடக்கத்தில் லிவர்பூலின் எயின்ட்ரீயில் மூன்று நாள், அதில் சனிக்கிழமை கிராண்ட் நெஷனல், நீங்கள் நாலு வரி போட்ட அந்த ஓட்டம். ஈஸ்டர் திங்களில் அயர்லாந்தின் ஃபெயரிஹவுஸ். மாத முடிவில் அங்கேயே பஞ்சஸ்டவுன். அத்தோடு எனக்கு வருடம் முடிந்துவிடும்.

முதலில் மூதூர் அன்பருக்கு. ஐயா, உங்கள் கடிதத்தில் பாதிக்கு நான் தலையாட்டினேன். என் தம்பி ஒருவன் ஓட்டோ வாங்கி ஒன்றரை வருடத்தில் அதைப் புக்கியில் விட்டவன். தவணைப் பணம் போனது, பிறகு வண்டி போனது, பிறகு மனைவியின் காப்பு போனது. அவன் பந்தயக் கடையில் பார்த்ததும் இதே பிரித்தானிய ஓட்டங்களைத்தான். ஆனால் அவனிடம் ஒரு குதிரையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது. மூன்றாம் இலக்கம், ஏழாம் இலக்கம் என்பான். திரையில் ஓடியது குதிரையா நாயா என்பதும் அவனுக்கு ஒன்றுதான். உங்கள் நாலு வரிச் செய்தியும் அதே மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஆசிரியரே. குதிரையை எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் குதிரைப் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து தொற்றியது. அப்பா திருகோணமலை டொக்யார்டில் பிற்றர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது உள்ளே இருந்தவர். அவருக்கு இந்த ஓட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது, அங்கே வேலை வாங்கிய ஓர் ஆங்கிலேயப் பெற்றி ஒபிசர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது. ஒபிசரும் போனார். ஓட்டம் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து கிராண்ட் நெஷனலில் வென்ற குதிரைகளை அப்பா ஒரு சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கினார். முதல் வரி: '1958. மிஸ்டர் வட்.' நான் பிறந்த வருடம்.

அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு வரி, சில வருடத்துக்கு நாலைந்து வரி. 1967க்கு எதிரே 'ஃபொய்னவன். எல்லாரும் விழுந்தார்கள், இவன் பின்னால் மெதுவாக வந்தபடியால் தப்பினான்' என்று இருக்கிறது. உண்மைதான். இருபத்துமூன்றாம் தடையில், ஆளில்லாமல் ஓடிய ஒரு குதிரை குறுக்கே திரும்ப, வந்த குதிரைகளெல்லாம் ஒன்றோடொன்று மோதி நின்றுவிட்டன. நூற்றுக்கு ஒன்று என்று எல்லாரும் கைவிட்டிருந்த ஃபொய்னவன் ஒதுங்கி வந்து தாண்டி வென்றது. இன்றைக்கும் அந்தத் தடைக்கு அதன் பெயர்தான்.

1973க்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். அந்த இரவு எனக்கு நல்ல ஞாபகம். எட்டு மணி இருக்கும், றேடியோ இரைகிறது, அப்பா காதை அதோடு ஒட்டிவைத்திருக்கிறார். கிறிஸ்ப் அவுஸ்திரேலியக் குதிரை, முதுகில் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. அதைத் துரத்திய ரெட் ரம்முக்கு 66 கிலோதான். நல்ல குதிரைக்குப் பாரம் கூட, மற்றதற்குக் குறைய, அப்போதுதான் போட்டி சமமாக இருக்கும் என்பது இந்த ஓட்டத்தின் விதி. வித்தியாசம் ஒரு பத்துக்கிலோ அரிசி மூட்டை. அதையும் சுமந்துகொண்டு கிறிஸ்ப் முன்னே முன்னே போய், கடைசித் தடையையும் பெரிய இடைவெளியில் தாண்டிவிட்டது. அங்கிருந்து கோட்டுக்கு 450 மீற்றர் வெறும் ஓட்டம். அதில் அதற்குக் கால் ஓய்ந்தது, தள்ளாடியது. ரெட் ரம் முக்கால் குதிரை நீளத்தில் பிடித்துவிட்டது. அப்பா கிறிஸ்ப்பில் ஐந்து ரூபாய் கட்டியிருந்தார். அந்த ஐந்து ரூபாய்க்கு அம்மா ஒரு கிழமை பேசினா. அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. 'தோத்தவன்தான்டி பெரியவன்' என்று என்னிடம் மட்டும் சொன்னார். பிறகு அம்மா பத்திரகாளி கோயிலில் கொண்டுபோய்ச் சத்தியம் வாங்கினா. அதற்குப் பிறகு அவர் கட்டவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

ரெட் ரம்மில் அப்பாவுக்கு வேறொரு ஈர்ப்பு. அதற்குக் குளம்பு எலும்பில் நோய் இருந்தது. அதன் பயிற்றுநர் ஜிஞ்சர் மக்கெய்ன் டக்சி ஓட்டியவர், கார் விற்றவர், பெரிய பண்ணைக்காரர் அல்ல. சவுத்போர்ட் என்ற ஊரில் கடற்கரை மணலில்தான் குதிரைகளை ஓட்டிப் பழக்கினார். உப்புத்தண்ணீரிலும் ஈரமணலிலும் ஓடித்தான் அதன் கால் தேறியது என்பார்கள். 1973, 1974, 1977 என்று மூன்றுமுறை வென்றது, இடையில் இரண்டு வருடமும் இரண்டாவது. காலையில் டச்சுக்குடாக் கரையில் நடக்கும்போதெல்லாம் அப்பா நின்று மணலைக் காலால் அமுக்கிப் பார்ப்பார். 'இந்த மணல் காணும், ஒரு ரெட் ரம் வளர்க்கலாம்' என்பார். குதிரைக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் வேலி தாண்டுவதற்கு மான்தான் இருக்கிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் மதிலைத் தாண்டி மரக்கறிக் கூடைக்குள் வாய் வைப்பதை இந்த ஊரார் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஓடிவந்து, ஓர் அடி முன்னால் கணக்குப் பார்த்து, முன்னங்காலை மடித்து எழும்புமே, அந்தக் கணம் ஒன்றுக்காகத்தான் நானும் பார்க்கிறேன்.

கொப்பியில் வெறுமையான வரிகளும் இருந்தன. 1986, 1987, 1991. அந்த வருடங்களில் நாங்கள் எங்கே இருந்தோம், யார் வீட்டு விறாந்தையில் படுத்தோம் என்பதை இந்த ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கொப்பி என் சேலைகளுக்கு நடுவில் சுற்றி எங்களோடு வந்தது, திரும்பியும் வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, இணையத்தில் தேடி நானே நிரப்பினேன்: வெஸ்ட் டிப், மயோரி வெஞ்சர், சீகிராம். அப்பா எழுதியதெல்லாம் நீல மை. இவை கறுப்பு.

அப்பா 1995இல் போய்விட்டார். அதே வருடம் ஒக்டோபரில் ரெட் ரம்மும் செத்தது, 30 வயதில். எயின்ட்ரீயில் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். 1997இல் ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் குண்டு மிரட்டல். பல்லாயிரம் சனத்தை வெளியே அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை ஓட்டினார்கள். லோர்ட் கிலீன் வென்றது. தொலைக்காட்சியில் அந்தச் சனம் இரவு தங்க இடமில்லாமல் தெருவில் நிற்பதைக் காட்டினார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து கூட்டிப்போனார்களாம். நான் கொப்பியில் 'திங்கட்கிழமை' என்று மட்டும் எழுதிவைத்தேன்.

2020இல் நோயால் ஓட்டம் இல்லை. அதற்குப் பதிலாகக் கணினியில் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். அதை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

2021 வேறு. ரேச்சல் பிளக்மோர் மினெல்லா டைம்ஸில் வென்றார், கிராண்ட் நெஷனலை ஓட்டி வென்ற முதல் பெண். 1977இல்தான் முதன்முதல் ஒரு பெண் அதில் ஓடினார், ஷார்லட் புரூ. அவருடைய குதிரை கடைசிக்குக் கிட்டக் கொண்டுவந்து தாண்ட மறுத்துவிட்டது. அன்றிலிருந்து எண்ணினால் 44 வருடம். எந்த நேர்த்தியும் வைக்காமலே மறுநாள் பத்திரகாளி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். ஐயர் என்ன விசேஷம் என்று கேட்டார். பேத்திக்குச் சோதனை பாஸ் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அரைமணிநேரம் போயிருக்கும்.

அடுத்த வருடம் மார்ச் 18 வெள்ளி, அதே பிளக்மோர் ஏ ப்ளஸ் டார்டில் செல்ட்னம் கோல்ட் கப்பையும் வென்றார், 15 குதிரை நீளத்தில். அது எங்களுக்கு மின்வெட்டுக் காலம். தொலைபேசியில் எட்டு வீதம் சார்ஜ். லண்டனிலிருக்கும் என் பெறாமகன் வழக்கமாக வட்ஸ்அப்பில் அழைத்து, தன் தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பிடிப்பான். அன்று அழைக்காதே, எழுது என்றேன். இருட்டில் மெழுகுதிரியோடு உட்கார்ந்து, 'கடைசித் தடை', 'தாண்டியாச்சு', 'சின்னம்மா வெண்டாச்சு' என்று மூன்று செய்தியாக அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். மூன்று கிழமை கழித்து ஏப்ரல் 9 சனி, கிராண்ட் நெஷனல். அன்றுதான் கொழும்பில் காலிமுகத்திடலில் சனம் கூடத் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, பத்து மணிக்குக் கிட்ட நான் மட்டும் குசினியில் நின்று நோபிள் யேட்ஸ் வென்றதைப் பார்த்தேன். ஏப்ரல் 9 என்று கொப்பியில் எழுதும்போது அப்பாவின் 1942 நினைவுக்கு வந்தது. இது ஒரு பக்கக் கதை, பிடிக்காவிட்டால் வெட்டிவிடுங்கள்.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதாமல் விட்டதை எல்லாம் சொல்லவேண்டும்.

மார்ச் 11 செல்ட்னத்தில் சம்பியன் ஹர்டில். கொன்ஸ்டிடியூஷன் ஹில் அதுவரை பத்து ஓட்டம் ஓடிப் பத்திலும் வென்ற குதிரை. நடுவழியில் விழுந்துவிட்டது. அப்புறம் ஸ்டேட் மேன் தனியாக முன்னே வந்து, வென்றுவிட்டது என்றிருக்கும்போது கடைசித் தடையில் விழுந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் என்ற பெண்குதிரை, யாரும் எதிர்பாராமல், வென்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பேத்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா பாம்போ என்று டோர்ச்சோடு வந்துவிட்டா.

வெள்ளிக்கிழமை கோல்ட் கப். மூன்று மைலுக்கு மேல், 22 தடை. காலொபின் டி ஷான் முந்திய இரண்டு வருடமும் வென்றது, மூன்றாவதும் வென்றால் ஆர்க்கிளுக்குச் சமம். 1964, 65, 66 மூன்று வருடமும் கோல்ட் கப்பை எடுத்த ஆர்க்கிளை அயர்லாந்தில் தெய்வம்போலச் சொல்வார்கள். ஆனால் வென்றது கெவின் க்ரொம்வெல்லின் குதிரை. க்ரொம்வெல் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்தவர், பிறகு பயிற்றுநரானவர். அந்தக் குதிரையை அவர்கள் முதலில் இந்த ஓட்டத்துக்குப் பதியவே இல்லை. 25,000 பவுண் கட்டிக் கடைசியில் சேர்த்தார்கள். அதன் பெயர்தான் உங்கள் விளையாட்டுப் பகுதியைப் பயமுறுத்தியிருக்கும்: இனோதவேயுர்திங்கின். 'நீ நினைக்கிற விதம் எனக்குத் தெரியும்' என்பதை இடைவெளி விடாமல் எழுதினால் அப்படி வரும். இடைவெளியையும் சேர்த்துப் பதினெட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்கக் கூடாது என்று அங்கே விதி. அதற்காக ஒட்டி எழுதியிருக்கிறார்கள். நான் நாலுமுறை எழுதிப் பார்த்துத்தான் கொப்பியில் ஏற்றினேன்.

ஏப்ரல் 5 சனி, நமக்கு இரவு எட்டரை. கிராண்ட் நெஷனல். ஏழு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நகரத்திலிருந்து புறப்பட்டால் உப்புவெளியைக் கடந்து போய்விடலாம். வழியில் 30 தடை. நீங்கள் பெயர் போடாத அந்த அயர்லாந்துக் குதிரை நிக் ரொக்கெட். ஓட்டியவர் பற்றிக் முலின்ஸ். அவர் சம்பளம் வாங்காத அமெச்சூர். பயிற்றுநர் அவருடைய தந்தை வில்லி முலின்ஸ். முதல் மூன்று இடமும் அவருடைய குதிரைகளுக்கே. செல்ட்னத்தில் நூறு வெற்றிக்கு மேல் கண்ட மனிதர், மகன் வென்றதைப் பற்றிக் கேட்டதும் பேச முடியாமல் கமராவுக்கு முன்னால் அழுதார். குதிரையின் சொந்தக்காரர் ஸ்டூவர்ட் அன்ட்ரூ. அவருடைய மனைவி சேடி, முலின்ஸைச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவர். அவருடைய விருப்பத்தில்தான் குதிரை அங்கே போனது. அதன் முதல் ஓட்டத்தைப் பார்த்த சில நாளில் அவர் புற்றுநோயில் இறந்துவிட்டார். இவ்வளவும் இருக்க, பணம் கட்டியவர்களுக்குக் கொண்டாட்டம் என்று எழுதினீர்களே!

மூதூர் அன்பர் இன்னொன்றும் எழுதியிருந்தார், வாயில்லாச் சீவனை வதைக்கிறார்கள் என்று. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2023இல் ஹில் சிக்ஸ்டீன் முதல் தடையிலேயே செத்தது. எதிர்ப்பாளர்கள் களத்துக்குள் இறங்கி ஓட்டமும் பிந்தியது. அதற்குப் பிறகு ஓடும் குதிரைகளை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். வேகம் பிடித்து மோதாமலிருக்க முதல் தடையைப் புறப்படும் இடத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். தடைக்குள் இருந்த மரக்கட்டையை அதற்கும் பத்து வருடம் முன்பே எடுத்துவிட்டார்கள். சவுக்கடிக்கும் எண்ணிக்கை உண்டு, தடை ஓட்டத்தில் ஏழு. 2024இல் ஓடிய 32 குதிரைகளும் உயிரோடு திரும்பின. அப்பாடா என்றிருந்தது. இந்த வருடம் செலெப் டாலன் என்ற 13 வயதுக் குதிரை, ஓட்டத்தில் தளர்ந்து நின்று, சில நாளில் செத்துப்போனது. அதன் பெயரையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன், நிக் ரொக்கெட்டுக்குக் கீழே. அன்றிரவு தொலைபேசியை எடுக்க மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் பார்ப்பேனா என்று கேட்டால், பார்ப்பேன். இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இந்தத் தடை ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பெயரே கோயில் கோபுரத்திலிருந்து வந்தது. 1752இல் அயர்லாந்தில் இருவர், பட்டிவன்ட் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனரெயில் தேவாலயக் கோபுரம் வரை, நடுவில் வரும் வேலி, மதில், வாய்க்கால் எல்லாம் தாண்டி யார் முந்துவது என்று ஓடிப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரிக்கு நீங்கள் அரைப்பக்கம் கொடுக்கிறீர்கள், சோடி மாடுகளின் சொந்தக்காரர் பெயர், ஊர் எல்லாம் போடுகிறீர்கள். அதை நான் ஆசையோடு வாசிக்கிறேன். அங்கேயும் யாரோ பணம் கட்டத்தான் செய்வார்கள்.

அரைப்பக்கம் கேட்கவில்லை. நாலு வரி போதும். அந்த நாலு வரிக்குள் குதிரையின் பெயர், ஓட்டியவர் பெயர், பயிற்றுநர் பெயர், விழுந்து எழும்பாத குதிரை இருந்தால் அதன் பெயர். வெற்றிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள், அது தேவையானவர்களுக்குப் புக்கிக் கடைச் சுவரில் எழுதியிருக்கும். படம் போட்டால் தடை தெரிகிற படமாகப் போடுங்கள்.

பெயர்களைத் தமிழில் எழுதுவதுதான் சிரமம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 21ஆம் திகதி ஈஸ்டர் திங்கள் ஃபெயரிஹவுஸில் அயர்லாந்தின் கிராண்ட் நெஷனல். ஓடும் குதிரைகளின் பட்டியல் வந்ததும் எல்லாப் பெயரையும் தமிழில் எழுதி, சனிக்கிழமைக்குள் உங்கள் அலுவலகத்துக்குக் கிடைக்கும்படி அனுப்புகிறேன். முத்திரை என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியை,
திருகோணமலை.